சோம்பேறிப் புழுவும் சார்லஸ் ஸ்டைல்ஸும்

சர்வே என்றதும் நமக்கு ஞாபகத்துக்கு வருவது செயினும், லெவலும், தியோடலைட்டும், கேம்ப் வெயிலில் கருத்துப்போன நம்ம முகங்களும்தான். இவை எதுவும் இல்லாமல் பதினொரு மாநிலங்களுக்கு ஒரு மேப் உருவாகக் காரணமான மனிதர் ஒருவர் இருந்தார். தேவைப்பட்டதெல்லாம் மைக்ராஸ்கோப்பும், நிறைய சின்ன டப்பாக்களும். டப்பாவுக்குள் பள்ளிப் பிள்ளைகளின் மலம்! முகத்தைச் சுளிக்காதீர்கள், மேலே படியுங்கள்.

சார்லஸ் வார்டெல் ஸ்டைல்ஸ் 1867 மே 15-ல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்பிரிங் வேலி என்ற ஊரில் பிறந்தார். அப்பா மெதடிஸ்ட் பாதிரியார். மகனோ பைபிளை விட்டுவிட்டுப் புழுக்களின் பின்னால் போனார். ஜெர்மனிக்குப் போய், ஒட்டுண்ணி ஆராய்ச்சியில் அந்நாளில் பெரிய ஆசானாக இருந்த லாய்க்கார்ட்டிடம் லைப்சிக் நகரில் படித்து, 1890-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். மறுவருடம் வாஷிங்டனில் விவசாயத் துறையின் கால்நடைப் பிரிவில் வேலை. ஆடு மாடுகளின் குடலில் இருக்கும் புழுக்களைப் பிரித்துப் பெயர் வைப்பதுதான் உத்தியோகம்.

அந்தப் புழுக்களில் ஒன்று கொக்கிப்புழு. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். சிறுகுடல் சுவரைக் கவ்விப் பிடித்து ரத்தம் குடிக்கும். பெண் புழு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். முட்டை மலத்தோடு வெளியே வந்து, ஈர மண்ணில் குஞ்சு பொரித்து, செருப்பில்லாத காலில் தோலைத் துளைத்து ஏறும். கால் விரலிடுக்கில் அரிப்பு வரும், பிறகு மறந்து போகும். புழு ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேர்ந்து வருஷக்கணக்கில் குடியிருக்கும். நாலைந்து புழு இருந்தால் ஒன்றும் தெரியாது. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ரத்தசோகை, வெளுத்த முகம், வளராத உடம்பு, பாடம் ஏறாத மூளை.

ஐரோப்பாவில் இது தெரிந்த விஷயம். மிலான் நகர டாக்டர் தூபினி 1843-லேயே எழுதிவிட்டார். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செயின்ட் கோதார்ட் ரயில் சுரங்கம் போட்டபோது தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக வெளுத்துப்போய் விழுந்ததற்கும் இந்தப் புழு ஒரு காரணம் என்று 1880-ல் தெரிந்தது. (டன்னலிங் பாடத்தில் பாறை வெடிப்பதைச் சொல்கிறார்கள், இதைச் சொல்வதில்லை!) அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் இது இருந்தாக வேண்டுமே என்று ஸ்டைல்ஸ் சந்தேகப்பட்டார். அங்கேயிருந்த ஏழை வெள்ளையர்களைச் சோம்பேறிகள், மண் தின்பவர்கள், பிறவியிலேயே மட்டமானவர்கள் என்று நாடே கேலி பேசிக்கொண்டிருந்தது. போர்ட்டோ ரிக்கோவில் ஆஷ்ஃபோர்ட் என்ற ராணுவ டாக்டர் 1899-ல் ரத்தசோகைக்காரர்களிடம் இந்தப் புழுவைக் கண்டார். அமெரிக்காவில் கிடைத்த புழுக்கள் ஐரோப்பியப் புழுவிலிருந்து வேறு இனம் என்று 1902-ல் ஸ்டைல்ஸ் விவரித்தார்.

அதே வருஷம் பொதுச் சுகாதாரத் துறைக்கு மாறியதும், மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு தெற்கே கிளம்பினார். ஐரோப்பிய அனுபவத்தை வைத்து முதலில் சுரங்கங்களிலும் செங்கல் சூளைகளிலும் தேடினார். பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. களிமண் பூமியைத் தாண்டி மணல் பூமிக்குள் நுழைந்தார். பண்ணைகளில் குடும்பம் குடும்பமாக நோய்! களிமண் இறுகிக் காய்ந்துவிடும், புழுக்குஞ்சு அங்கே பிழைப்பது கஷ்டம். ஈரமும் நிழலும் உள்ள மணலில் அது சுலபமாக நகரும். ஆக, நோய் எங்கே இருக்கிறது என்பதை மண்ணே காட்டிக் கொடுத்தது. நம்ம சாயில் மெக்கானிக்ஸ் புத்தகத்தில் இதற்கும் ஒரு பாரா சேர்த்தால் தப்பில்லை.

1902 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்த ஒரு சுகாதார மாநாட்டில் இதைச் சொன்னார். மறுநாள் ஒரு பத்திரிகை, சோம்பேறித்தனத்தின் கிருமி கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி போட, ஊரே சிரித்தது. தென்னாட்டார் கொதித்தார்கள். எங்களைப் புழு பிடித்தவர்கள் என்கிறாயா என்று கோபம். ஆறேழு வருஷம் மனுஷர் ஊர் ஊராகப் போய்ப் பேசியும் காசும் இல்லை, ஆதரவும் இல்லை.

திருப்பம் 1908 கடைசியில் வந்தது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அமைத்த கிராம வாழ்க்கைக் குழுவோடு ரயிலில் போகும்போது, வட கரோலினாவில் ஒரு பிளாட்பாரத்தில் கூனிக் குறுகி நின்ற ஒரு மனிதரைப் பார்த்தார்கள். இவரைப்போல ஏழைகள் இங்கே நிறைய உண்டு என்றார் கூட வந்த பத்திரிகையாளர் வால்ட்டர் ஹைன்ஸ் பேஜ். இது கொக்கிப்புழு வேலை, ஐம்பது சென்ட் மருந்தில் சரியாகும் என்று ஸ்டைல்ஸ் விளக்கினார். பேஜ் அதே ஊர்க்காரர், ஆடிப்போய்விட்டார். அவர் மூலமாகப் பேச்சு எண்ணெய் முதலாளி ராக்பெல்லர் வரை போனது. 1909 அக்டோபரில் அவர் 10 லட்சம் டாலர் கொடுக்க, ஒழிப்புக் குழு ஒன்று உருவானது. நிர்வாகம் விக்லிஃப் ரோஸ் என்ற கல்வியாளர் கையில், விஞ்ஞானச் செயலாளர் ஸ்டைல்ஸ்.

இங்கேதான் மேப் வருகிறது. ரோஸ் நிதானமானவர். மருந்தைக் கொட்டுவதற்கு முன் நோய் எங்கே, எவ்வளவு என்று தெரிய வேண்டும் என்றார். கவுண்டி கவுண்டியாக (நம்ம தாலுகா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்) 6 முதல் 18 வயது வரையுள்ள சுமார் 200 கிராமப் பிள்ளைகளை, நோய் இருப்பவர் இல்லாதவர் என்று பாராமல் எடுத்துப் பரிசோதித்தார்கள். வெளுத்த பிள்ளைகளை மட்டும் பொறுக்கினால் கணக்கு ஏறிவிடும், கொழுகொழு பிள்ளைகளை மட்டும் எடுத்தால் இறங்கிவிடும் அல்லவா? பதினொரு மாநிலங்களிலும் சராசரியாக 100-க்கு 40 பிள்ளைகளுக்குப் புழு இருந்தது. மணற்பாங்கான கடலோரச் சமவெளியில் நிறைய, மேட்டுக் களிமண்ணில் குறைவு. ஸ்டைல்ஸ் தனியாளாகப் பார்த்தது இப்போது மேப்பில் ஏறிவிட்டது. நோய் இங்கே இல்லை என்று சாதித்த டாக்டர்களுக்குச் சொந்தக் கவுண்டியின் கணக்கே பதில் சொன்னது.

நோய் மிகுந்த இடங்களில் இலவச மருந்தகம் போட்டார்கள். ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்கு வருவதுபோல வந்து, மைக்ராஸ்கோப்பில் முட்டையையும் பாட்டிலில் புழுவையும் பார்த்துவிட்டு, தைமால் மாத்திரையும் பேதி உப்பும் வாங்கிப் போனார்கள். 1914-க்குள் ஏறத்தாழ 7 லட்சம் பேருக்கு வைத்தியம் ஆனது.

ஆனால் மருந்து தின்ற பையன் மறுநாள் அதே புதர் மறைவுக்குத்தானே போவான்? குழு இரண்டரை லட்சம் கிராம வீடுகளைப் பார்த்ததில் பாதி வீடுகளில் கழிப்பறையே இல்லை. இதை ஸ்டைல்ஸ் விடாமல் சொன்னார். 1910-ல் லம்ஸ்டன், ராபர்ட்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து, மூவர் பெயரின் முதலெழுத்துகளால் எல்.ஆர்.எஸ். எனப்பட்ட மலிவுக் கழிப்பறையைக் கொண்டுவந்தார். ஒரு தொட்டியில் மலம் நீரில் கரையும், வழியும் நீர் அடுத்த தொட்டிக்குப் போகும். கிட்டத்தட்ட நம்ம செப்டிக் டேங்க்தான். குழு 1914-ல் கலைந்தபோது புழு ஒழியவில்லை, குறைந்திருந்தது.

ஸ்டைல்ஸைத் தெய்வமாக்க வேண்டாம். பஞ்சாலைகளில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்வதை எதிர்த்துப் போராட்டம் நடந்த காலத்தில், புழு நிறைந்த பண்ணையைவிட ஆலையே மேல் என்று பேசினார். புழுக் கணக்கு மட்டும் பார்த்தால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முதலாளிகள் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே மேப்பை வெறித்துப் பார்ப்பவருக்கு வரும் குறை இது என்று எனக்குத் தோன்றுகிறது. கறுப்பின மக்களை நோயின் கிடங்கு என்று எழுதியது அதைவிட மோசம்.

உலகத்திலும் எங்கெங்கே புழு என்று குழு விசாரித்ததில், வடக்கே 36 பாகைக்கும் தெற்கே 30 பாகைக்கும் நடுவில் ஒரு பட்டை முழுக்க இருப்பது தெரிந்தது. அந்தப் பட்டைக்குள் நாமும் உண்டு. 1916-ல் ராக்பெல்லர் ஆட்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலையைத் தொடங்கியபோது, பரிசோதனைக்கு வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன நம்ம ஜனங்கள்.

ஸ்டைல்ஸ் 1931-ல் ஓய்வு பெற்று 1941 ஜனவரியில் காலமானார். அந்தக் கவுண்டிக் கணக்குகள் மட்டும் சாகவில்லை. 2007-ல் பிளீக்லி என்ற பொருளாதார அறிஞர் அவற்றைத் தூசி தட்டி எடுத்து, முன்பு புழு அதிகமாக இருந்த இடங்களில்தான் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது கூடுதலாக உயர்ந்தது என்று காட்டினார். மருந்துகூட இப்போது மேப் பார்த்துத்தான். 100-க்கு 20 பேருக்குமேல் புழு இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை, 50-க்குமேல் என்றால் இரண்டு தடவை என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு. நம் நாட்டில் 2015 முதல் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளில் கொடுக்கும் அல்பெண்டசோல் இந்த வழியில் வந்ததுதான்.

தென்னிந்தியக் கிராமங்களில் அதிகம் காணப்படும் கொக்கிப்புழுவும் ஸ்டைல்ஸ் விவரித்த அதே இனம்தான். நெகேட்டர் அமெரிக்கானஸ், அதாவது அமெரிக்கக் கொலைகாரன் என்று அவர் காலத்தில் வைத்த பெயர். அது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில் அமெரிக்காவுக்கு வந்தது என்று சொன்னவரும் அவரேதான். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.