ரஹீம் வாத்தியாரும் ஜகார்த்தா தங்கமும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது கல்லூரியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் வள்ளல் அழகப்பரைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடிய சீனியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் அவர் பிறந்த அதே 1909ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் பிறந்த இன்னொருவரைப் பற்றி எழுதுகிறேன். நாலு வருஷம் நம் செம்மண் கிரவுண்டில் ஃபுட்பால் ஆடியும் இவர் பெயர் எனக்குத் தெரியாது. வேலைக்காக ஹைதராபாத் போன பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இன்றைய மாணவர்களில் சிலர் 2024ல் வந்த மைதான் என்ற இந்திப் படத்தில் பார்த்திருக்கலாம்.

சையத் அப்துல் ரஹீம் அடிப்படையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கே டீமிலும் ஆடியவர். பிறகு உடற்கல்வியில் டிப்ளமா வாங்கினார். 1943ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். 1950ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் டீமுக்குப் பயிற்சியாளர். அந்தக் காலத்தில் ஃபுட்பால் என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்றால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். அந்த நிலைமையில் இந்தப் போலீஸ்காரர்கள் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து தடவை பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கினார்கள்.

எப்படி முடிந்தது? அவர் நடத்திய போட்டிகளைப் பார்த்தால் புரியும். பலவீனமான காலால் மட்டுமே பந்தை அடிக்க வேண்டும் என்று ஒரு போட்டி. பந்தை உருட்டிக்கொண்டே போகாமல் உடனே பாஸ் கொடுக்க வேண்டும் என்று இன்னொன்று. வலது காலில் புலியாக இருப்பவன் அங்கே வந்து தடுமாறி நிற்பான், ஊரே சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் அவனுக்கு இடது காலும் பழகிவிடும். சிவில் படித்தவன் என்பதால் எனக்கு இது உடனே பிடித்துப்போனது. ஒரு ட்ரஸ்ஸில் பலவீனமான மெம்பர் எதுவோ, அதுதானே மொத்த லோடையும் தீர்மானிக்கிறது!

இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று மரண அடி. நம்மவர்களில் பெரும்பாலோர் அந்தக் குளிரில் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. ரஹீம் சாகிப் அந்தத் தோல்வியோடு உட்கார்ந்துவிடவில்லை. ஹங்கேரிக்காரர்கள் சென்டர் ஃபார்வர்டைப் பின்னுக்கு இழுத்து ஆடிய முறையைப் படித்து நம் டீமுக்குக் கொண்டுவந்தார். 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்தோம். நெவில் டிசோசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு நாம்தான். கடைசியில் நாலாவது இடம்.

1960 ரோமில் பிரான்ஸுடன் 1-1 டிரா. நம் தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ் அந்த டீமில் இருந்தார். ரஹீமின் சொந்த மகன் ஹக்கீமும் இருந்தார். ஆனால் மகன் ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. கோச்சின் பையன் பெஞ்சிலேயே உட்கார்ந்து திரும்பி வந்தான் என்பதை நம்ம ஊர் டீம் செலக்‌ஷன்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்!

இனி 1962. ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. அப்போதே புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அரசியல் வேறு. இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேஷியா விசா கொடுக்கவில்லை. அதை இந்தியாவின் ஜி.டி. சோந்தி கண்டித்ததால் ஊரே நமக்கு எதிராகத் திரும்பியது. இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் இந்தியத் தூதரகத்தையே கும்பல் தாக்கியது.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று ஜெயித்தார்கள். தாய்லாந்து ஆட்டத்தில் டிஃபென்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலை உடைந்து தையல். அந்தத் தலையோடு பின்னால் நிற்கவைப்பது கஷ்டம் என்றால் வேறு யாராக இருந்தாலும் ஓய்வு கொடுத்திருப்பார்கள். ரஹீம் அவரை முன்னால் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரை இறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக அவர் கோல் போட்டார், 3-2.

இறுதியில் மறுபடி அதே தென் கொரியா. முந்தின ராத்திரி வீரர்களைக் கூப்பிட்டு, தனக்கு ஒரு பரிசு வேண்டும், அந்தத் தங்கத்தைத் தாருங்கள் என்று அவர் கேட்டதாக ஆடியவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பர் 4. சுமார் ஒரு லட்சம் பேர் மைதானத்தில். நம் தேசிய கீதத்துக்கே கூச்சல். அந்தக் கூட்டத்தில் நமக்காகக் கை தட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்றால் நம்புவீர்களா? காய்ச்சலில் கிடந்து எழுந்த உயரமான கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை ரஹீம் திரும்பக் கொண்டுவந்தார். முதல் இருபது நிமிஷத்துக்குள் பி.கே. பானர்ஜி ஒன்று, தையல் போட்ட ஜர்னைல் ஒன்று. கொரியா கடைசி நேரத்தில் ஒரு கோல் திருப்பியது. 2-1. கேப்டன் சுனி கோஸ்வாமி தங்கம் வாங்கினார்.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11ல், ரஹீம் சாகிப் காலமானார். வயது 53. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்தது 1970ல் பாங்காக்கில் ஒரு வெண்கலம், அவ்வளவுதான். ஒலிம்பிக் கால்பந்துக்கு ரோமுக்குப் பிறகு நம் டீம் போகவே இல்லை.

கடைசியாக ஒரு அறிவிப்பு. சந்திப்பு நாள் சாயங்காலம் பழைய மாணவர்களுக்கும் இந்நாள் மாணவர்களுக்கும் ஃபுட்பால் ஆட்டம் உண்டு. இடது காலால் மட்டும்தான் அடிக்க வேண்டும். இடது கால் ஆட்டக்காரர்களுக்கு வலது கால். தொப்பையைச் சாக்குச் சொல்லாமல் எங்கள் பேட்ச் ஆட்கள் எல்லோரும் வந்து சேரவும்.