துலூசை விட்டுப் போகாத பேராசிரியர்

மூன்றாம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் நான் பயன்படுத்திய நிக்கல் வினையூக்கி ஒரே பிற்பகலில் கரி படிந்து பாழானது. மீத்தேனையும் நீராவியையும் சூடான நிக்கல் மேல் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்க வேண்டும். நீராவியைக் குறைத்துவிட்டது என் தவறு. குழாயைச் சுரண்டிக் கழுவிய அந்த வாரத்தில்தான் பால் சபாத்தியேவின் வாழ்க்கையைப் படித்தேன்.

1854இல் தென்பிரான்சின் கார்கசோன் நகரில் பிறந்தவர் அவர். பாரிசில் பெர்த்தலோவிடம் ஆய்வு செய்து 1880இல் முனைவரானார். 1884இல், முப்பது வயதில், துலூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

1896இல் பாரிசில் முவாசானும் மூரேயும் நிக்கல் மேல் அசிட்டிலீனைச் செலுத்திப் பார்த்திருந்தனர். அதைத் தொடரப் போகிறீர்களா என்று முவாசானிடம் முறையாகக் கேட்டுவிட்டே சபாத்தியே அந்த ஆய்வைக் கையில் எடுத்தார். (இந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்தது.) உடனிருந்தவர் செந்தெரான் என்ற பாதிரியார். 1897இல் இருவரும் நிக்கலின் துணையால் எத்திலீனை ஈத்தேனாக மாற்றினர். 1901இல் பென்சீனைச் சைக்ளோஹெக்சேனாக்கினர். 1902இல் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் மீத்தேனாக மாற்றினர்.

நான் செய்ய முயன்றதன் தலைகீழ் இது! வினையூக்கி இரு திசைக்கும் உதவும். வெப்பத்தை 800 பாகை செல்சியசுக்கு மேல் உயர்த்தி நீராவியைச் சேர்த்தால் அதே நிக்கல் மீத்தேனை உடைக்கிறது. இயற்கை எரிவாயுவிலிருந்து அம்மோனியா, மெத்தனால் செய்யும் ஆலைகள் இதை நம்பியே ஓடுகின்றன. நம் பிந்துலுவின் யூரியா உரத்துக்கும் மூலம் எரிவாயுதான்.

வினையூக்கியின் துளைகளில் வாயு செறிவதால்தான் வினை நடக்கிறது என்று அன்று பலர் நம்பினர். சபாத்தியே உடன்படவில்லை. உலோகம் வாயுவோடு சிறிது நேரம் சேர்ந்து நிலையற்ற சேர்மமாகி, வினை முடிந்ததும் விடுபடுகிறது என்றார். கந்தகம் சிறிதளவு கலந்தாலும் நிக்கல் செயலிழப்பதையும் கவனித்தார். இன்றும் ஆலைகளில் எரிவாயுவிலுள்ள கந்தகத்தை முதலில் நீக்குகிறார்கள்.

1907இல் பாரிஸ் அழைத்தது. அவர் போகவில்லை. சிற்றூர்த் தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்கு, பெரிய நகரம்தான் அறிவின் வீடு என்ற எண்ணம் சற்று ஆட்டம் கண்டது.

1912இல் நோபல் பரிசு சபாத்தியேவுக்கும் கிரிஞாருக்கும் பகிரப்பட்டது. செந்தெரானுக்குப் பங்கில்லை. அதை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. செந்தெரான் 1937இல் மறைந்தார். சபாத்தியே 1941இல், துலூசிலேயே.

எனக்குக் கருவியைப் பொருத்தித் தந்த தோழியின் பெயர் என் ஆய்வறிக்கையில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் பக்கத்தைத் திருத்தி மீண்டும் அச்சிட்டேன்.