கடிகாரம் செய்பவரைத் தேடிய திப்பு சுல்தான்

சிங்காரப்பேட்டையிலிருந்து செங்கம் வரும் சாலையில் நம்மில் பலர் எத்தனையோ முறை பயணம் செய்திருப்போம். வடக்கே ஜவ்வாது மலை, தெற்கே குன்றுகள், நடுவே கணவாய். மைசூர்ப் படைகள் பாராமஹாலைக் கடந்து ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கிய வாசல்களில் இதுவும் ஒன்று.

1767 செப்டம்பர் 3 அன்று இங்கே ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து, கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படையை மறித்தார்கள். களத்தில் கை ஓங்கியது கம்பெனிக்குத்தான். ஆனால் அவர்களுடைய அரிசி மூட்டைகள் மைசூர்க் குதிரைப்படையிடம் பறிபோயின. வென்ற படை பசியோடு திருவண்ணாமலைக்கு விரைந்தது.

அப்போது ஹைதரின் மூத்த மகன் செங்கத்தில் இல்லை. பதினாறு, பதினேழு வயதே ஆன அந்த இளைஞர் ஒரு குதிரைப்படையோடு சென்னையின் புறநகர்வரை சென்று கம்பெனியைக் கலங்க வைத்துக்கொண்டிருந்தார். திருவண்ணாமலைப் போரில் தந்தைக்குப் பின்னடைவு ஏற்பட்ட செய்தி கிடைத்ததும் திரும்பி வந்து, திருப்பத்தூர், வாணியம்பாடிப் போர்களில் கலந்துகொண்டார். ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் வலியுல்லாஹ்வின் பெயரைத் தாங்கிய அவர்தான் பின்னாளில் திப்பு சுல்தான் ஷஹீத் என்று நாம் போற்றும் மாமன்னர்.

அவருடைய வாளைப் பற்றியும் ஏவுகணைகளைப் பற்றியும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர் கடிகாரங்கள் மீது கொண்டிருந்த அக்கறையைப் பற்றிச் சொல்வதில்லை.

அன்று ஐரோப்பாவிலிருந்து வந்த கடிகாரங்கள் நம் நாட்டு அரசர்களுக்கு அரண்மனை அலங்காரமாகவும் அன்பளிப்புப் பொருளாகவும் இருந்தன. சாவி கொடுத்தால் ஓடும், மணி அடிக்கும். பழுதானால் சரி செய்ய ஆள் இருக்காது. திப்பு அதை வேறு கண்ணால் பார்த்தார். கடிகாரத்துக்குப் பல்சக்கரம் அறுக்கவும் எஃகு வில்லைப் பதமாக்கவும் தெரிந்த கை, துப்பாக்கியின் விசையையும் செய்யும். பீரங்கியும் கப்பலும் இதே நுட்பத்தைத்தான் கேட்கின்றன.

1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே பாசறையில் ஹைதர் காலமானார். அதன் பின் ஆட்சிக்கு வந்த திப்பு, 1786இல் துருக்கி உஸ்மானியப் பேரரசுக்குத் தூதுக்குழு அனுப்பினார். துப்பாக்கி, பீரங்கி, கடிகாரம், கண்ணாடி, பீங்கான் செய்யத் தெரிந்த கைவினைஞர்களை அழைத்து வரவேண்டும் என்பது தூதர்களுக்கு அவர் இட்ட கட்டளைகளில் ஒன்று. அந்த நெடும் பயணத்தில் ஏராளமானோர் நோயால் மடிந்தார்கள். எதிர்பார்த்த பலனும் கிட்டவில்லை.

அவர் ஓயவில்லை. முஹம்மது தர்வேஷ் கான் தலைமையில் மூன்று தூதர்கள் 1787இல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி, மறு ஆண்டு ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைச் சந்தித்தார்கள். கம்பெனிக்கு எதிரான இராணுவ உடன்படிக்கை கிடைக்கவில்லை. ஆனால் கேட்டபடி கைவினைஞர்கள் சிலர் அவர்களோடு கடல் கடந்து வந்தார்கள். அவர்களில் கடிகாரத் தொழில் அறிந்தவர்களும் இருந்தார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்ரதுர்கா, நகர் ஆகிய ஊர்களில் திப்பு அமைத்த தொழிற்கூடப் பகுதிகளுக்குத் தாராமண்டல்பேட்டை என்று பெயர். பீரங்கி, துப்பாக்கி, இரும்புக் குழாய் ஏவுகணை ஆகியவற்றோடு காகிதமும் கத்திரிக்கோலும் கடிகாரமும் அவருடைய நாட்டிலேயே செய்யப்பட்டன.

காலக் கணக்கிலும் அவர் கை வைத்தார். பெருமானார் (ஸல்) அவர்களை முன்னிறுத்தி மவ்லூதி என்னும் புதிய ஆண்டுக் கணக்கை ஏற்படுத்தி, நாணயங்களில் அதையே பொறித்தார். ஐவேளைத் தொழுகையால் நாளைப் பகுத்து வாழும் சமுதாயத்துக்கு நேரத்தின் அருமையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அவர் அதை அரசாங்கத்துக்கும் கொண்டுவந்தார்.

ஆனால் நேரம் அவருக்குப் போதவில்லை. பிரெஞ்சுக் கைவினைஞர்கள் வந்த மறு ஆண்டே மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. 1791இல் பெங்களூர் கம்பெனியிடம் வீழ்ந்தது. 1792 உடன்படிக்கையில் பாதி நாடு போனது, பாராமஹாலும் போனது. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்காக இரண்டு சிறு மகன்களைப் பிணையாக அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு தொழில் வேரூன்ற இரண்டு தலைமுறை வேண்டும். அவருக்குக் கிடைத்ததோ பத்தே ஆண்டுகள், அவற்றிலும் பாதி போருக்கும் கடனுக்கும் போனது.

1799இல் ஜெனரல் ஹாரிஸின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்தது. செங்கத்தைப் போலவே இங்கும் கம்பெனி முகாமில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. பருவமழை நெருங்கியது. இன்னும் சில வாரங்கள் தாக்குப்பிடித்திருந்தால் காவிரியே கோட்டையைக் காத்திருக்கும். கம்பெனித் தளபதிகளும் இதை அறிந்திருந்தார்கள். மே 4 அன்று, காவலர்கள் களைத்திருக்கும் உச்சிவெயில் நேரமாகப் பார்த்து, பகல் ஒரு மணியளவில் ஆற்றைக் கடந்து பாய்ந்தார்கள். பகலுணவிலிருந்து எழுந்து போன சுல்தான், கோட்டை வாயில் அருகே போரிட்டு ஷஹீதானார். இரவில்தான் உடல் கண்டெடுக்கப்பட்டது. மறுநாள் கும்பஸில் தாய் தந்தையரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

வீரனைப் புலி வீழ்த்துவது போன்ற அவருடைய மர இயந்திரம் லண்டனுக்குப் போனது. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், விழுந்தவன் கை அசையும். இன்று அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுல்தானின் குடும்பம் வேலூர்க் கோட்டையில் அடைக்கப்பட்டது. மைசூர் ஏவுகணைகளை ஆராய்ந்த வில்லியம் காங்கிரீவ் சில ஆண்டுகளில் ஆங்கிலேயப் படைக்கு ஏவுகணை செய்து கொடுத்தார். தாராமண்டல்பேட்டைகளோ ஓய்ந்து போயின.

நம் வீடுகளில் பாட்டனார் காலத்துச் சாவிக் கடிகாரங்கள் இன்னும் சில அலமாரிகளில் நிற்கின்றன. நல்ல விலைக்குப் போகும் என்று அதன் பெருமை பேசுகிறோம். அதைத் திறந்து உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமா? புதிய கைப்பேசி வாங்கித் தரும் நாம், அதைச் செய்யும் படிப்பில் அவர்களைச் சேர்க்கிறோமா? ஒரு மன்னர் இதற்காகவே கடல் கடந்து தூதர்களை அனுப்பினார். நமக்கு அந்தப் படிப்பு பக்கத்து ஊர்க் கல்லூரியிலேயே இருக்கிறது.

அல்லாஹ் அந்த ஷஹீதின் தியாகத்தை ஏற்றுக்கொள்வானாக. அவர் தொடங்கிய பணியை நம் பிள்ளைகள் கையால் தொடரச் செய்வானாக. ஆமீன்.