பேச்சோடு நில்லாத மாணவர்

ஆண்டுதோறும் பள்ளி திறந்த சில வாரங்களில் மாணவியர் மன்றத் தேர்தல் நடைபெறுகிறது. தலைவி, செயலர், பொருளர் என்று பொறுப்புகள் பிரிக்கப்படுகின்றன. காலைக் கூட்டத்தில் உறுதிமொழி எடுக்கிறோம், பேட்ஜ் குத்திக்கொள்கிறோம், கைதட்டல் வானைப் பிளக்கிறது. மறுநாள் காலையில் நாம் என்ன செய்யப் போகிறோம்? இக்கேள்விக்கு விடை தேடுவோருக்கு, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரில் சட்டம் பயின்ற ஒரு மாணவரின் வாழ்வு நல்வழி காட்டும். அவரே பிரடெரிக் ஓசானாம். ஏழைகளின் இல்லம் தேடிச் செல்லும் புனித வின்சென்ட் தே பவுல் சபையை நம் பங்குகளில் காண்கிறோம் அல்லவா? தம் நண்பர்களோடு சேர்ந்து அதற்கு வித்திட்டவர் இவர்.

1813 ஏப்ரல் 23 அன்று இத்தாலியிலுள்ள மிலான் நகரில் ஓசானாம் பிறந்தார். தந்தை மருத்துவர். குடும்பம் பின்னர் பிரான்சு நாட்டின் லியோன் நகருக்குத் திரும்பியது. பெற்றோருக்குப் பிறந்த பதினான்கு பிள்ளைகளில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே இறந்தனர். வளரும் பருவத்தில் ஓசானாமின் உள்ளத்தில் விசுவாசத்தைப் பற்றிய ஐயங்கள் எழுந்து அவரை வாட்டின. நுவாரோ என்னும் குருவானவர் ஆசிரியராக வாய்த்து அவரைத் தெளிவித்தார்.

1831-இல் மேற்படிப்புக்காகப் பாரிஸ் சென்ற ஓசானாமுக்கு இடமளித்தவர் புகழ்பெற்ற அறிவியலறிஞர் ஆம்பியர். மின்னோட்டத்தின் அலகாக நாம் பாடத்தில் படிப்பது அவர் பெயரைத்தான். அக்காலத்தில் பாரிஸ் மாணவரிடையே சமயத்தை ஏளனம் செய்வது வழக்கமாக இருந்தது. சோர்போனில் ஷூஃப்ருவா என்னும் பேராசிரியர் தம் விரிவுரையில் கிறிஸ்தவ மறையைத் தாக்கிப் பேசியபோது, ஓசானாமும் தோழர்களும் கூச்சலிடவில்லை. வகுப்பைப் புறக்கணிக்கவும் இல்லை. தங்கள் மறுப்பைக் காரணங்களோடு எழுதிக் கையொப்பமிட்டு அவரிடம் கொடுத்தனர். அது வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. பேராசிரியரும் தம் போக்கைத் தணித்துக்கொண்டார். மரியாதை குறையாமல் மறுத்துரைக்க முடியும் என்பதை நாம் இங்கே கற்கிறோம்.

அவர்கள் நடத்திய வரலாற்றுக் கழகத்தில் எல்லாக் கொள்கையினரும் வாதிட்டனர். ஒருநாள் எதிரணி மாணவர் ஒருவர், திருச்சபை முற்காலத்தில் நன்மை செய்தது உண்மைதான், ஆனால் இன்று நீங்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி முள்ளாய்த் தைத்தது. வாதத்தில் வெல்ல ஓசானாமுக்குச் சொல் கிடைத்திருக்கும்; ஆனால் கேட்டவர் பக்கம் நியாயம் இருப்பதை அவர் உணர்ந்தார். முந்திய ஆண்டுதான் காலரா பாரிஸ் நகரைச் சூறையாடியிருந்தது. வறுமை கண்முன்னே நின்றது.

1833 ஏப்ரல் 23, ஓசானாமின் இருபதாம் பிறந்த நாள். ஆறு மாணவர்கள், அவர்களை வழிநடத்திய பத்திரிகையாளர் பாயி என்னும் பெரியவரின் அலுவலகத்தில் கூடினர். வாதம் வேண்டாம், ஏழைகளின் வீடுகளுக்கே செல்வோம் என்று முடிவு செய்தனர். தலைவராகப் பாயி அமர்ந்தார். மாணவர் ஒருவர் பொருளராக, கூட்ட முடிவில் தொப்பியை நீட்டிக் காணிக்கை பெற்றார். ஓசானாமும் நண்பர் ஒருவரும் தம் அறையில் எஞ்சியிருந்த விறகைச் சுமந்துசென்று ஓர் ஏழைக்குக் கொடுத்தனர் என்றும் சொல்லப்படுகிறது.

ஆர்வம் இருந்தது, அனுபவம் இல்லை. எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது, என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முஃப்தார் பகுதியின் ஏழைகளுக்காகவே உழைத்துவந்த அருட்சகோதரி ரோசலி ரெந்துவை நாடினர். அவர் குடும்பங்களின் பட்டியலையும், ரொட்டியும் இறைச்சியும் பெறுவதற்கான சீட்டுகளையும் கொடுத்தார். ஏழைகளிடம் கனிவோடு நடக்கவும் பழக்கினார். இந்தப் பெரும் பணியின் தொடக்கத்தில் ஒரு கன்னியர் ஆசிரியையாக நின்றார் என்பது நமக்குப் பெருமையே.

இளைஞரின் உள்ளத்தைத் தொடும் மறையுரைகள் வேண்டும் என்றும் அவர்கள் விரும்பினர். 1833-இல் ஏறத்தாழ நூறு மாணவரின் கையொப்பத்தோடு பேராயரிடம் விண்ணப்பம் சென்றது. கேட்டது கிடைக்கவில்லை. 1834-இல் கையொப்பங்கள் இருநூறாயின. அப்போதும் அவர்கள் எண்ணியபடி அமையவில்லை. ஆயினும் மனம் தளரவில்லை. 1835-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், அவர்கள் விரும்பிய லக்கோர்தேர் அடிகளாரே நோத்ர தாம் பேராலயத்தில் உரையாற்றலானார். மக்கள் திரண்டனர்.

இதற்கிடையே சபைக்குள் ஒரு சோதனை வந்தது. உறுப்பினர் நூறுபேருக்கு மேல் பெருகிவிட்டனர். குழுவைப் பிரித்தால்தான் பணி பரவும் என்று 1834 டிசம்பரில் ஓசானாம் முன்மொழிந்தார். நட்பு குலைந்துவிடும் என்று நெருங்கிய தோழர்களே எதிர்த்தனர், சிலர் கண்கலங்கினர். ஒன்றாய் இருப்பது இனிமைதான். ஆனால் அந்த இனிமைக்காகவா சபை தொடங்கினார்கள்? 1835 தொடக்கத்தில் குழு பிரிந்தது. நட்பும் நிலைத்தது, பணியும் வளர்ந்தது. இன்று அச்சபை சுமார் 150 நாடுகளில் உழைக்கிறது.

ஓசானாம் 1841-இல் அமெலி என்னும் நங்கையை மணந்தார். மரி என்ற மகள் பிறந்தாள். 1844-இல் சோர்போனில் அயல்நாட்டு இலக்கியப் பேராசிரியரானார். 1848 ஜூனில் பாரிஸ் தெருக்களில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, சமாதானம் பேசுமாறு அவரும் நண்பர்களும் பேராயர் அஃப்ரை வேண்டினர். பேராயர் உடனே சென்றார். துப்பாக்கிக் குண்டு பாய்ந்து உயிர்நீத்தார். நல்லதற்காக வாதாடுவோர் சில வேளைகளில் இத்தகைய துயரத்தையும் சுமக்க வேண்டியிருக்கிறது.

நோயுற்ற ஓசானாம் 1853 செப்டம்பர் 8, மரியன்னையின் பிறப்பு விழாவன்று, மார்செய் நகரில் இறைவனடி சேர்ந்தார். வயது நாற்பதுதான். 1997-இல் உலக இளையோர் மாநாட்டுக்காகப் பாரிஸ் வந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், ஆகஸ்டு 22 அன்று நோத்ர தாம் பேராலயத்திலேயே அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். மாணவராய் விண்ணப்பம் எழுதி மறையுரை கேட்டுப் பெற்ற அதே ஆலயம்!

அன்பு மாணவியரே, நம் மன்றக் கூட்டங்களில் தீர்மானங்கள் பல எழுதுகிறோம். குறிப்பேட்டை மூடியபின் நாம் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்? மதிய உணவின்றி அமர்ந்திருக்கும் தோழி நம் வகுப்பிலேயே இருக்கலாம். நம் மன்றப் பணி அவளிடமிருந்து தொடங்கட்டும்.