அறிஞர் ஹால்டேன்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் ஐயனார் கோயிற்காடுகள் உள்ளன. மண்குதிரைகள் வரிசையாக நிற்க, அவற்றின் பின்னே வீரை மரமும் பாலை மரமும் பல தலைமுறைகளைக் கண்டு நிமிர்ந்து நிற்கும். காட்டை ஒட்டிய கொல்லையிலோ, எள்ளானது மூன்று திங்களில் பூத்துக் காய்த்து உலர்ந்துவிடுகிறது. மண்ணும் ஒன்று, மழையும் ஒன்று. மரத்திற்கு வாய்த்த நெடுவாழ்வு எள்ளுக்கு ஏன் வாய்க்கவில்லை? உயிர்கள் ஏன் மூப்படைகின்றன? இவ்வினாவிற்கு விடை காணும் நெறியை முதலிற் சுட்டியவர்களுள் ஒருவர், இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன் ஆவார்.

இவர் 1892ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரிற் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சின் இயல்பை ஆராய்ந்த உடலியல் அறிஞர். சுரங்கங்களில் உள்ள நச்சுக்காற்றை ஆராயச் செல்லும்பொழுது மைந்தரையும் உடன் அழைத்துச் செல்வார். பல்கலைக்கழகத்தில் ஹால்டேன் பயின்றவை கணிதமும் பண்டைய கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களுமே. அறிவியலில் அவர் பட்டம் எதுவும் பெற்றிலர் என்பது வியப்பிற்குரியது. முதல் உலகப் போரிற் புண்பட்டு, உடல் தேறுவதற்காகச் சிலகாலம் இந்தியாவில் தங்கினார். பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் பணியாற்றினார். உயிர்களின் மரபு மாற்றங்களைக் கணக்கிட்டு அறியும் துறையை நிறுவிய மூவருள் ஒருவர் எனப் புகழ் பெற்றார். அமிலத்தைப் பருகியும் நச்சுக்காற்றை உட்கொண்டும் தம் உடலையே ஆய்வுக்களமாக்கியவர் அவர். அத்துணிவு போற்றத்தக்கதே ஆயினும், பிறர் பின்பற்றத்தக்கது அன்று.

மூப்பைப் பற்றி அவருக்கு முன்பு வழங்கிய கருத்து வேறு. பழையன கழிந்தால்தான் புதியனவற்றிற்கு இடம் உண்டாகும். ஆதலின் இனத்தின் நலங்கருதி இயற்கையே மூப்பையும் சாவையும் வகுத்தது எனச் செர்மானிய அறிஞர் வைஸ்மன் 1880களில் கருதினார். கேட்பதற்கு இனிய கருத்தே. ஆயினும், பிறர் இடம் விட்டு அகல, தான் மட்டும் அகலாது நெடிது வாழும் உயிர் ஒன்று தோன்றுமாயின், அதன் வழித்தோன்றல்களே பெருகும் அல்லவா? பிறர்க்கு இடம் விட்டவற்றின் மரபு சுருங்கிப் போகும். வைஸ்மனின் கருத்து இவ்விடத்தில் தடுமாறுகிறது.

ஹால்டேன் ஒரு நோயிலிருந்து தொடங்கினார். ஹண்டிங்டன் நோய் என்பது மரபுவழி வரும் கொடிய நோய். பெற்றோருள் ஒருவர்க்கு அது இருப்பின், பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர்க்கு வரும். அதனை உடையவர் இளமையில் நலமாக இருப்பர். பெரும்பாலும் முப்பது வயதைக் கடந்த பின்னரே தம்மை அறியாது கைகால் துடிக்கும். அறிவும் படிப்படியாகக் குன்றும். இத்துணைக் கொடிய கேட்டை இயற்கைத் தேர்வு ஏன் களையவில்லை? இளமையிற் கொல்லும் கேடு, மகப்பேற்றிற்கு முன்னரே தன்னைச் சுமந்தவரோடு அழிகிறது. இந்நோயோ மக்கள் பிறந்த பின்னர் வெளிப்படுகிறது. அதற்குள் மரபணு அடுத்த தலைமுறையிற் புகுந்துவிடுகிறது. பிந்தி வரும் கேட்டைக் களைய இயற்கைக்கு வலிமை இல்லை. இக்கருத்தை 1941இல் வெளிவந்த தம் மரபியல் நூல் ஒன்றில் அவர் எழுதினார்.

அவருடன் இலண்டனிற் பணியாற்றிய மெடவார் இதனை விரித்து 1952இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர்தம் கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆயிரம் மண்குடங்கள் உள்ளன என்று கொள்வோம். அவை பழமையால் நலிவன அல்ல. கைதவறி மாதந்தோறும் பத்தில் ஒரு பங்கு உடைகின்றன. பத்து மாதங்களில் ஏறத்தாழ 350 குடங்கள் எஞ்சும். நாற்பது மாதங்களில் எஞ்சுவன பதினைந்தே. நாற்பதாம் மாதத்திற்குப் பிறகு ஒழுகும் குறை ஆயிரம் குடங்களிலும் இருந்தாலும் அதனை அறிவார் யார்? விபத்தாலும் பகையாலும் பஞ்சத்தாலும் உயிர்கள் மடியும் உலகில், முதுமையிற் காட்டும் குறைகள் அவ்வாறே களையப்படாது தேங்குகின்றன. அவற்றின் தொகுதியே மூப்பு என்றார் மெடவார். இளமையில் நன்மை செய்யும் மரபணுவே முதுமையிற் கேடு செய்யலாம் என 1957இல் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் மேலும் ஒரு விளக்கம் தந்தார். எள் தன் ஆற்றலையெல்லாம் ஒரு பருவத்து விதைக்கே ஈந்து மாய்வதும், மரம் தன்னைப் பேணிக்கொண்டு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் காய்ப்பதும் இவ்வழியே ஆராயப்பட்டன.

அவ்வாண்டிலேயே ஹால்டேன் இங்கிலாந்தை விட்டு நீங்கினார். சூயஸ் கால்வாய் பற்றி எகிப்தின்மீது தம் நாடு படையெடுத்ததை அவர் வெறுத்தார். மகலனோபிஸ் அழைக்கக் கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். இந்திய உடையையும் மரக்கறி உணவையும் மேற்கொண்டார். விலைமிக்க கருவிகள் இல்லையே என இந்திய இளைஞர் வருந்த வேண்டா என்பது அவர் கொள்கை. கண்ணும் பொறுமையும் எண்ணும் திறனும் போதும் என்பதைச் செயலிற் காட்டினார். அவர் ஊக்கத்தால் தி. அ. டேவிஸ் என்பார், தென்னையின் மட்டைகள் இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் அமைவதைத் தோப்புகளிற் சென்று எண்ணி ஆராய்ந்தார். ஹால்டேன் முன்சினம் உடையவர். நிறுவனத்தாரோடு மாறுபட்டு வெளியேறினார். பின்னர்ப் புவனேசுவரத்தில் ஒரிசா அரசின் துணையோடு 1962இல் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார்.

அவ்வாய்வுக்கூடம் வளருமுன் புற்றுநோய் அவரைப் பற்றியது. அதுவும் பெரும்பாலும் முதுமையில் மிகும் நோயே. இயற்கைத் தேர்வின் கை எட்டாத காலத்தில் வருவது. 1964இன் தொடக்கத்தில் இலண்டனில் அறுவை மருத்துவம் நடைபெற்றது. மருத்துவமனையிலிருந்தே தம் நோயை எள்ளி நகையாடிச் செய்யுள் ஒன்று இயற்றி, நோய்க்குறி கண்டோர் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லுமாறு அதனால் அறிவுறுத்தினார். தம் இரங்கலுரையையும் தாமே பேசித் தொலைக்காட்சிக்குப் பதிவு செய்து வைத்தார். நோய் மீண்டும் தலைதூக்கியது. 1964ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் முதல் நாள், தம் எழுபத்திரண்டாம் வயதில், புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் எழுதி வைத்தவாறே அவரது உடல் ஆந்திர நாட்டுக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் அறுத்துக் கற்பதற்காக அனுப்பப்பட்டது.