ஸ்பிட்ஃபயரின் திணறலைத் தீர்த்த பித்தளைத் துண்டு!

பழைய மோரிஸ் மைனருக்கு எஸ்.யூ. கார்புரேட்டர் பார்ட்ஸ் தேடி அலையுறீங்களா? அப்போ பீட்ரிஸ் ஷில்லிங்கை உங்களுக்குப் பிடிக்கும். 1909-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், 14 வயசுலயே பைக் வாங்கிட்டார். மான்செஸ்டரில் இன்ஜினீயரிங் படித்து, ராணுவ விமான ஆய்வு மையத்தில் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் விமானம் மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால் இன்ஜின் திணறும். அதிலும் எஸ்.யூ. கார்புரேட்டர்தான்! முதலில் பெட்ரோல் கிடைக்காது. அடுத்த நொடி ஓவர்ஃப்ளோ ஆகும். ஜெர்மன் விமானங்களுக்கோ இந்தத் தொல்லையே இல்லை.

1941-ல் ஷில்லிங் செய்தது, நடுவில் துளையிட்ட சின்னப் பித்தளைத் துண்டு. இன்ஜினுக்கு அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் தேவையோ, அதற்கு மேல் போகாது. விமானத்தை ஷெட்டுக்கு அனுப்பாமலே மாட்டிடலாம். பைக்கிலேயே விமானத் தளங்களுக்குப் போய் பொருத்த வைத்தார். தலைகீழாகப் பறந்தால் அப்பவும் சிக்கல்தான். ஆனா, புது கார்புரேட்டர் வரும்வரை தாக்குப்பிடிக்க வைத்தது அந்தத் துண்டு.

போர் முடிந்ததும் சும்மா இருந்தாரா? கணவரோடு கார் ரேஸுக்குக் கிளம்பிட்டார்!