மூன்று வட்டங்களைத் தொட்ட வக்கீல்

பிரான்சு நாட்டில் கணக்குத் தெரிந்தவர் ஒருவருமே இல்லையா?

அரசர் 4-ம் ஹென்றியிடம் டச்சுத் தூதர் அப்படித்தான் ஏளனம் செய்தார். லூவேன் நகர ஆசிரியர் வான் ரூமன், 1593-ல் ஒரு கடினமான கணக்கை அச்சிட்டு, உலக மேதைகளுக்குச் சவால் விட்டிருந்தார்.

அரசருக்கு ரோசம் வந்தது. தம் ஆலோசகரை அழைத்தார்.

அவர்தான் பிரான்சுவா வியேத்.

ரகசியக் கடிதம்

வியேத் 1540-ல் பிறந்தார். தகப்பனார் வக்கீல். மகனும் வக்கீல் ஆனார். கணக்கு அவருக்குப் பொழுதுபோக்கு.

ஸ்பெயினுடன் போர் நடந்தபோது, பகைவர்களின் ரகசிய எழுத்துக் கடிதங்களைப் படித்துச் சொன்னவர் இவரே. இது மாய வித்தை என்று ஸ்பெயின் அரசர் போப்பாண்டவரிடம் முறையிட்டாராம்!

வான் ரூமனின் கணக்குக்குச் சில நிமிடங்களில் ஒரு விடை சொன்னார் வியேத். பிறகு மேலும் 22 விடைகள் கொடுத்தார். நாட்டின் மானம் பிழைத்தது.

பதில் சவால்

அடுத்து, வியேத் ஒரு கணக்குப் போட்டார்.

மூன்று வட்டங்கள் தனித்தனியே இருக்கின்றன. மூன்றையும் வெளியே நின்று தொடும் நாலாவது வட்டத்தை வரையவேண்டும். அதன் மையம் எங்கே? ஆரம் எவ்வளவு?

சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் அப்பொல்லோனியஸ் இதற்கு வழி எழுதியிருந்தார். ஆனால், அந்த நூல் அழிந்துவிட்டது.

வான் ரூமன் வேறு வளைகோடுகளை வரைந்து, அவை வெட்டும் இடத்தை மையமாகக் கொண்டார். வியேத் அதை ஏற்கவில்லை. கவராயமும் நேர்கோலும் தவிர வேறு எதுவும் கூடாது என்றார்.

யுக்தி

1600-ல் அவரே வழியை வெளியிட்டார்.

மூன்று வட்டங்களின் ஆரத்தையும் ஒரே அளவு குறைத்தார். மிகச் சிறிய வட்டம் வெறும் புள்ளியாகிவிட்டது! விடை வட்டம் அதே அளவு பெரிதாகும். ஆனால், அதன் மையம் அசையாது. அதனால் கணக்கு எளிதாயிற்று. இப்படிப் படிப்படியாகக் குறைத்து, மையத்தைப் பிடித்துவிட்டார்.

இதைக் கண்ட வான் ரூமன் என்ன செய்தார் தெரியுமா? கோபிக்கவில்லை. வியேத்தைத் தேடிப் பிரான்சுக்கே போனார். அவர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள்.

1603-ல் வியேத் காலமானார்.

இன்று எந்திரப் படம் வரைகிறவர், கம்ப்யூட்டர் திரையில் மூன்று வட்டங்களைத் தொட்டுக் காட்டுகிறார். நாலாவது வட்டம் உடனே வந்து நிற்கிறது.

அந்தக் கணக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தவர், ஒரு வக்கீல்!